காயலான் கடை ஒளியும் பகுத்தறிவும்

நமது புதுச்சேரியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் காந்தி வீதியில் கூடும் சந்தையிலோ, ஊரின் மூலை முடுக்குகளிலுள்ள காயலான் கடைகளிலோ தேடினால், செத்துப்போன டி.வி.டி. பெட்டிகளும் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிப் போட்ட டி.வி.டி. ரைட்டர்களும் அகப்படும். இவற்றை அற்ப விலைக்கு வாங்கிப் பிரித்து, உள்ளே இருக்கும் லேசர் டயோடு என்னும் சிறு சாமானைக் கெடாமல் வெளியில் எடுத்து, அது வேலை செய்கிறதா, எவ்வளவு ஒளி தருகிறது என்று சோதித்துக் குறித்து வைப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட வாலிபர்கள் உலகத்தின் பல தேசங்களிலும் ஏறக்குறைய இருபது வருஷ காலமாக இருந்து வருகிறார்கள். நம் பக்கத்திலும் இக்காரியத்தில் இறங்கும் பிள்ளைகள் உண்டு.

இப்படிப்பட்ட பிள்ளை ஒருவன் வீட்டில் இருந்தால் பெரியவர்கள் சொல்லுவது என்ன? “குப்பையைக் கொண்டுவந்து வீட்டில் சேர்க்கிறான். இது மானமுள்ளவன் செய்கிற வேலையா?” என்பார்கள். இதே பெரியவர்கள் அந்தப் பிள்ளை விடியற்காலையில் எழுந்து ஈர வேஷ்டியோடு நூற்றெட்டுச் சுற்றுச் சுற்றினால், “குடும்பத்துக்கு ஏற்ற பிள்ளை” என்று பூரித்துப் போவார்கள். சுற்றினவன் ஒன்றைக்கூடப் புதிதாகத் தெரிந்துகொண்டு திரும்பவில்லை. குப்பையைக் கிளறினவனோ நேற்றுத் தெரியாத ஒன்றை இன்று தெரிந்துகொண்டான். இவ்விருவரில் யாருடைய காலம் வீண் என்பதை வாசகர்களே யோசித்துப் பார்க்கட்டும்.

நம்முடைய அபிப்பிராயம் இதுதான்: பகுத்தறிவுக்கு இதைவிட மலிவான பள்ளிக்கூடம் கிடையாது. ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த பாடத்தை மேஜையிலேயே விட்டுவிட்டு எழுந்து போவதில் பிரயோஜனமும் கிடையாது. ஆகையால் நாம் சொல்லப் போகிற வார்த்தைகளில் பாதி ஊராருக்கு, பாதி அந்த வாலிபர்களுக்கே.

முதலில் இந்தச் சாமான் இன்னதென்று சொல்லிவிடுகிறோம். லேசர் டயோடு என்பது கடுகைவிடச் சிறிய ஒரு படிகத் துண்டு. பெரும்பாலும் 5.6 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உலோகக் குப்பிக்குள் அதை அடைத்து, வெளியே மூன்று கால்களை நீட்டி வைத்திருப்பார்கள். சி.டி. படிக்கிற பெட்டியில் இருப்பது 780 நானோமீட்டர் ஒளி தருவது, டி.வி.டி.யில் இருப்பது 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி. புளூ-ரேயில் இருப்பது 405 நானோமீட்டர் ஊதா ஒளி. படிக்க மட்டும் செய்யும் பெட்டியின் டயோடு சில மில்லிவாட்டுக்கு மேல் தருவதில்லை. எழுதவும் செய்கிற ரைட்டரின் சிவப்பு டயோடோ 100 மில்லிவாட்டுக்கும் மேலே தரக்கூடியது. கருப்புக் காகிதத்தின் மேல் அவ்வொளியைக் குவித்தால் காகிதம் புகைந்து ஓட்டையாகும்.

“இதில் என்ன அதிசயம்? சிவனுடைய நெற்றிக்கண்ணே லேசர்தான். அக்கினியாஸ்திரம் என்று நம் முன்னோர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள்” என்று சொல்லுகிற பண்டிதர்களுக்கு நம் நாட்டில் குறைவில்லை. அவர்களை நாம் ஒன்றே ஒன்று கேட்கிறோம். அந்த நெற்றிக்கண் எத்தனை மில்லியாம்பியரில் எரியத் தொடங்கியது? எந்தப் புராணத்தில் அந்தக் கணக்கு இருக்கிறது? வெள்ளைக்காரனோ ஜப்பான்காரனோ கண்டுபிடித்த மறுநாள்தான் நம் புராணத்தில் அது இருந்த சங்கதி இவர்களுக்கு ஞாபகம் வருகிறதே, முந்தின நாள் ஏன் வரவில்லை?

உண்மையான சரித்திரத்தில் ரிஷியும் இல்லை, வரமும் இல்லை. ஐன்ஸ்டைன் 1917இல் ஓர் ஒளித்துகள் தன்னைப் போன்ற இன்னொன்றைத் தூண்டி வெளியிடச் செய்யலாம் என்று கணக்கில் காட்டினார். 1960இல் அமெரிக்காவில் மெய்மான் என்பவர் மாணிக்கக் கல்லைக்கொண்டு முதல் லேசரைச் செய்தார். 1962இல் ராபர்ட் ஹால் என்பவரும், சில வாரங்களுக்குள் வேறு சில கூட்டத்தாரும், கல்லுக்குப் பதில் கேலியம் ஆர்செனைடு வகைப் படிகங்களில் மின்சாரத்தை நேரே பாய்ச்சி லேசர் உண்டாக்கினார்கள். அப்போது அது கடுங்குளிரில் வைத்துத் துளித்துளியாக மின்சாரம் கொடுத்தால்தான் எரிந்தது. சாதாரண அறைச் சூட்டில் விடாமல் எரியும்படி ருஷியாவின் அல்ஃபெரோவ் கூட்டத்தாரும் அமெரிக்கக் கூட்டத்தார் ஒருவரும் செய்து காட்டியது 1970இல். 1982இல் ஜப்பானில் சி.டி. பெட்டி கடைக்கு வந்தது. இன்று அது காயலான் கடைக்கு வந்துவிட்டது. ஆராய்ச்சிசாலைக்கு மட்டும் சொந்தமாயிருந்த ஒரு பொருள் அறுபது வருஷத்துக்குள் நம் தெருக்கோடிக்கு வந்ததற்குக் காரணம், ஒவ்வொருவரும் முன்னவர் சொன்னதை நம்பி உட்கார்ந்துவிடாமல் சோதித்துத் திருத்தியதுதான்.

நிற்க. அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுகிறோம். ஏனென்றால் நம்முடைய வாதமெல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது.

டயோடை நேராகப் பாட்டரியில் மாட்டினால் அது அக்கணமே செத்துப்போகும். மின்னோட்டம் ஓர் அளவுக்கு மேல் போகாமல் காவல் வைக்க வேண்டும். அதற்கு எல்.எம்.317 என்ற மூன்றுகால் சாமான் ஒன்றும் ஒரு ரெசிஸ்டரும் போதும். 1.25 என்பதை ரெசிஸ்டரின் ஓம் கணக்கால் வகுத்தால் வருவது ஆம்பியர். 25 ஓம் போட்டால் 50 மில்லியாம்பியர், 12.5 ஓம் போட்டால் 100 மில்லியாம்பியர். இதைக் கட்டி முடித்தவுடன் லேசர் டயோடை மாட்டிவிடக் கூடாது. நான்கு சாதாரண டயோடுகளையும் ஒரு 1 ஓம் ரெசிஸ்டரையும் வரிசையாகச் சேர்த்து, லேசர் டயோடுக்குப் பதிலாக அதை முதலில் மாட்ட வேண்டும். அந்த 1 ஓம் ரெசிஸ்டரின் மேல் மல்டிமீட்டர் காட்டும் ஒவ்வொரு மில்லிவோல்ட்டும் ஒரு மில்லியாம்பியர். கணக்குப் போட்டது சரியா என்று கணக்குப் போட்டவனே சந்தேகப்பட்டுப் பார்க்கிற இடம் இது. “குரு சொன்னார், ஆகையால் சரி” என்பதற்கு இங்கே வேலையில்லை.

பிறகு டயோடை எடுக்கிறபோது உடம்பிலுள்ள நிலைமின்சாரம் அதன்மேல் பாயாமல் காக்க வேண்டும். ஏறக்குறைய 3000 வோல்ட்டுக்குக் கீழே இருக்கும் நிலைமின்சாரம் நம் விரலுக்குச் சுருக்கென்றுகூடத் தெரியாது. ஆனால் அதைவிட மிகக் குறைந்ததே டயோடைக் கொல்லப் போதும். ஆகையால் அதன் கால்களை மெல்லிய கம்பியால் ஒன்றாகக் கட்டிவைத்து, சால்டர் வைத்து முடித்த பிறகே கம்பியை அவிழ்க்க வேண்டும். மின்சாரம் நிற்கிற கெப்பாசிட்டரை முழுக்க இறக்கிய பிறகே டயோடை இணைக்க வேண்டும்.

ஒளியை அளக்க விலை உயர்ந்த யந்திரம் இல்லாவிட்டாலும் குற்றமில்லை. தோட்ட விளக்கிலிருந்து கழற்றிய சிறு சோலார் தகட்டை மல்டிமீட்டரின் மில்லியாம்பியர் பக்கத்தில் மாட்டினால், விழுகிற ஒளிக்குத் தகுந்தபடி முள்ளோ எண்ணோ ஏறும். சிவப்பு ஒளியில் 5 மில்லிவாட் விழுந்தால் நல்ல சிலிக்கன் தகடு ஏறக்குறைய 2 மில்லியாம்பியர் காட்டும். டயோடை அணைத்து, அறையின் வெளிச்சத்துக்கு மட்டும் தகடு எவ்வளவு காட்டுகிறது என்று முதலில் குறித்து, அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஜன்னல் வெளிச்சத்தையும் தன் டயோடின் பெருமையாக எண்ணி ஏமாறுவான்.

இனி மின்னோட்டத்தை 5, 10, 15 என்று சிறுகச் சிறுக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் ஒளியைக் குறித்துக் கோடு வரைந்தால் ஒரு வேடிக்கை தெரியும். ஆரம்பத்தில் ஒளி மங்கலாகவே ஏறும். ஓர் இடம் வந்ததும் கோடு சட்டென்று முறிந்து செங்குத்தாக ஏறும். அந்த இடந்தான் தொடக்க மின்னோட்டம். அதற்குக் கீழே அது வெறும் விளக்கு. அதற்கு மேலேதான் லேசர். மின்னோட்டத்தை அளவுக்கு மீறி ஏற்றினால் படிகத்தின் கண்ணாடி போன்ற முனைகள் தம் ஒளியாலேயே வெந்துபோகும். அப்படி வெந்துபோன டயோடும் எரியும்! சிவப்பாக மினுக்கும்! தெரியாதவன் கண்ணுக்கு உயிரோடிருப்பதாகவே தோன்றும். ஆனால் எவ்வளவு ஏற்றினாலும் கோட்டில் அந்த முறிவு வராது. அது செத்த டயோடு.

தோழர்களே! நம் நாட்டில் இப்படி மினுக்கிக்கொண்டிருக்கும் செத்த சாமான்கள் எத்தனை? பீடங்கள் மினுக்குகின்றன, பட்டங்கள் மினுக்குகின்றன, சாஸ்திரங்கள் மினுக்குகின்றன. மினுக்குகிறதே என்று விழுந்து கும்பிடுகிறோமே ஒழிய, கோடு வரைந்து பார்த்தவர் எத்தனை பேர்?

அடுத்தபடியாக, சீட்டு ஒட்டுகிற விஷயத்துக்கு வருவோம். கையில் பிடிக்கிற லேசர் பேனாக்களின்மேல் “5 மில்லிவாட்டுக்குக் கீழ்” என்று சீட்டு ஒட்டி விற்கிறார்கள். அமெரிக்க சர்க்காரின் அளவை நிலையத்தார் 122 பேனாக்களை வாங்கிச் சோதித்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். பச்சைப் பேனாக்களில் ஏறக்குறைய 100க்கு 90ம், சிவப்பில் ஏறக்குறைய 100க்கு 44ம் அந்நாட்டுப் பாதுகாப்பு விதியில் தேறவில்லை. சீட்டு சொன்னது ஒன்று; உள்ளே இருந்தது வேறொன்று. சீட்டை நம்பினவன் கண்ணை இழக்க வேண்டியதுதான்.

இதில் என்ன ஆச்சரியம்? சீட்டு ஒட்டி ஏமாற்றுவதில் நம்மை மிஞ்சின தேசம் உண்டா? பேனாவுக்காவது தொழிற்சாலையில் செய்த பிறகுதான் சீட்டு ஒட்டுகிறார்கள். நாமோ பிள்ளை பிறக்கிறதற்கு முன்பே சீட்டை எழுதி வைத்திருக்கிறோம். இன்னார் வயிற்றில் பிறந்தது உயர்ந்தது, இன்னார் வயிற்றில் பிறந்தது தாழ்ந்தது என்று எழுதி, சோதனை செய்வதே பாவம் என்றும் கூடவே எழுதிவைத்தோம். காயலான் கடையில் டயோடு பொறுக்குகிறவன் இப்படிச் செய்வானா? வெளிநாட்டுப் பெரிய கம்பெனி ரைட்டரிலிருந்து வந்தது என்பதற்காக ஒன்றைச் சோதிக்காமல் உயர்ந்த டப்பாவில் வைப்பானா? பெயர் தெரியாத பெட்டியிலிருந்து வந்தது என்பதற்காக ஒன்றைச் சோதிக்காமல் எறிவானா? எல்லாவற்றுக்கும் ஒரே மின்னோட்டம், ஒரே தகடு, ஒரே கணக்குத்தான். அதற்குப் பிறகே தரம் பிரிப்பான். ஒரு துண்டு படிகத்துக்குக் கொடுக்கிற நியாயத்தை ஒரு மனிதக் குழந்தைக்குக் கொடுக்காத சமூகத்தை என்னவென்று சொல்லுவது?

இனி பக்திமான்கள் நம்மை மடக்குவதாக எண்ணிக் கேட்கும் ஒரு கேள்வி இருக்கிறது. “கண்ணால் கண்டதைத்தான் நம்புவோம் என்கிறீர்களே, சி.டி. பெட்டியிலிருக்கும் அந்த 780 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரிகிறதா? அதை நம்புகிற நீங்கள் கடவுளை ஏன் நம்பவில்லை?” என்கிறார்கள்.

கண்ணால் கண்டதை மட்டும் நம்பு என்று நாம் ஒருபோதும் சொன்னதில்லை. சோதனைக்கு நிற்பதை ஒப்புக்கொள் என்றே சொல்லுகிறோம். அந்த ஒளி நம் கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது என்பது மெய்தான். ஆனால் கைப்பேசியின் காமிராவைப் பக்கவாட்டில் பிடித்து, அது சுவரில் விழுகிற இடத்தைப் பார்த்தால் ஊதா கலந்த வெள்ளைப் புள்ளியாகத் தெரிகிறது. சோலார் தகட்டின்மேல் விழச் செய்தால் எண் ஏறுகிறது. குறுக்கே அட்டையை வைத்தால் எண் இறங்குகிறது. காலையில் பார்த்தாலும் ராகுகாலத்தில் பார்த்தாலும், குளித்துவிட்டுப் பார்த்தாலும் குளிக்காமல் பார்த்தாலும், பாகூர் பள்ளிப் பெண் பார்த்தாலும் பாரிஸ் பேராசிரியர் பார்த்தாலும் அப்படியே. சூடு ஏறினால் தொடக்க மின்னோட்டமும் ஏறும்; ஆகையால் சித்திரை வெயிலில் எடுத்த கணக்கும் மார்கழியில் எடுத்த கணக்கும் சற்று வேறுபடும். ஆனால் வேறுபாட்டுக்கும் காரணம் சொல்லலாம், எவ்வளவு வேறுபடும் என்றும் சொல்லலாம். கடவுளுக்கு இப்படி ஒரு தகடு, ஓர் அட்டை, ஓர் எண் கொண்டுவாருங்கள். நாமும் உட்கார்ந்து குறித்துக்கொள்கிறோம். “நம்பிக்கை உள்ளவனுக்குத்தான் தெரியும்” என்பது சோதனைக்குப் பயந்தவன் பேச்சு. நம்பாதவனுக்கும் தெரிகிறதே அந்த ஒளி, அதுதான் அதன் யோக்கியதை.

அந்த ஒளி நம்பாதவனுக்குத் தெரிவது மட்டுமல்ல, நம்பாதவனுடைய கண்ணையும் கெடுக்கும், நம்பினவனுடைய கண்ணையும் கெடுக்கும் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கண்ணிலுள்ள வில்லை, உள்ளே வரும் லேசர் கதிரைக் குவித்து, விழித்திரையில் ஏறக்குறைய லட்சம் மடங்கு செறிவாக விழச் செய்கிறது. விழித்திரைக்கு வலி தெரியாது. ஆகையால் வெந்தது தெரியாமலே வேகும். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் ஒளியென்றால் கால் விநாடிக்குள் இமை மூடிக்கொள்ளும். அதுவும் ஒரு மில்லிவாட் போன்ற அற்ப ஒளிக்குத்தான் காவல். 780 ஒளி மங்கலான சிவப்பாகத் தெரிவதால் இமைகூட மூடாது. மங்கலாகத் தெரிகிறதே, பலம் குறைவு என்று எண்ணினவன் கெட்டான். இதற்கு எலுமிச்சம்பழம் கட்டுவதாலும், திருநீறு பூசுவதாலும் பயனில்லை. வெயிலுக்குப் போடும் கருப்புக் கண்ணாடியும் உதவாது. எந்த நானோமீட்டர் ஒளியோ அதற்கென்றே செய்த தடுப்புக் கண்ணாடி வேண்டும். கதிர் போய் முட்டுகிற இடத்தில் பளபளப்பில்லாத கருப்புத் தடுப்பு வேண்டும். கதிர் கண் மட்டத்தில் போகக் கூடாது. குழந்தைகள் இருக்கிற அறையில் கூடாது. வானத்தை நோக்கி, விமானத்தை நோக்கி அடிப்பது கொலைபாதகத்துக்குச் சமம். குப்பிக்குள்ளிருக்கும் படிகத்தில் ஆர்சனிக் சேர்ந்திருப்பதுண்டு. ஆகையால் அதை அரைக்கவோ எரிக்கவோ கூடாது. இவ்வளவையும் செய்ய முடியாதவன் ரைட்டர் டயோடைத் தொடாமலிருப்பதே அறிவு.

இதே லேசர் ஒளியைத்தான் அளந்து, காலம் குறித்து, நீரிழிவுக்காரர்களின் விழித்திரையில் இரத்தம் கசிந்து பார்வை போகாமல் காப்பதற்குக் கண் வைத்தியர்கள் உபயோகிக்கிறார்கள். நம் தவளக்குப்பத்தில் 2003இல் ஏற்பட்ட அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற இடங்களுக்கு, கண்ணைக் கொடுக்கும் தெய்வம் என்று பெயர் பெற்ற தெய்வங்களைக் கும்பிட்டவர்களும் கடைசியில் வந்துதான் சேருகிறார்கள். அளந்தால் மருந்து, அளக்காவிட்டால் நஞ்சு. நடுவில் நிற்பது அளவுதான்; அருள் அல்ல.

இனி, “குப்பையைத் தொடுவதா?” என்ற கேள்விக்கு வருவோம். நம் நாட்டில் சாமானைத் தொட்டவன் தாழ்ந்தவன், தொடாதவன் உயர்ந்தவன் என்று ஏற்பாடு செய்யப்பட்டது. தோலைத் தொட்டவன், மண்ணைத் தொட்டவன், இரும்பைத் தொட்டவன், அழுக்கைத் தொட்டவன் எல்லாரும் படிக்கக் கூடாதவர்கள். படிக்கிறவன் எதையும் தொடக் கூடாதவன். இதன் பலன் என்ன? தொட்டவனுக்குப் படிப்பில்லை, படித்தவனுக்குப் பொருளில்லை. வங்காளத்து இரசாயன நிபுணர் பிரபுல்ல சந்திர ரே தாம் எழுதிய இந்திய இரசாயன சரித்திரத்தில் வெகு காலம் முன்பே இதை எடுத்துக்காட்டினார். ஜாதி முறையால் கைத்தொழில் ஒரு பக்கமும் அறிவு ஒரு பக்கமும் பிரிந்ததுதான் இந்நாட்டில் விஞ்ஞானம் அழிந்ததற்கு ஒரு முக்கிய காரணம் என்பது அவர் முடிவு. அவர் நம் இயக்கத்தவரல்ல. நம் இயக்கம் தோன்றியதே 1925இல்தான்.

கையும் அறிவும் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு (1893–1974) உதாரணம். பள்ளிப் படிப்பில் நாட்டமில்லாத அவர், வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு ஆசைப்பட்டு, கூலிவேலை செய்து பணம் சேர்த்து, அதை வாங்கி அக்கு அக்காகப் பிரித்து மறுபடியும் பூட்டினார் என்பது நாடறிந்த கதை. பஸ் கம்பெனியும், மின்சார ரேசரும், தொழிற்கல்விக் கூடமும் அதற்குப் பின் வந்தவை. பெரியாருடைய நெருங்கிய நண்பர் அவர். ஜப்பானில் நகாமுரா என்பவரும் அத்தகையவரே. சிறிய கம்பெனியொன்றில் வேலை பார்த்து, யந்திரத்தைத் தம் கையாலேயே பிரித்து மாற்றி மாற்றிக் கட்டி, 1993இல் பிரகாசமான நீல விளக்கையும், அதன் பின் ஊதா லேசர் டயோடையும் கொண்டுவந்தார். நீல விளக்குக்காக 2014இல் மற்ற இரு ஜப்பானியருடன் நோபல் பரிசு பெற்றார். புளூ-ரே பெட்டியில் நம் பிள்ளைகள் தேடும் ஊதா டயோடு அந்த வழியில் வந்ததுதான். இவர்கள் “தொட்டால் தீட்டு” என்று உட்கார்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும்?

இனி, நம் வாலிபர்களுக்கே சொல்ல வேண்டிய வார்த்தை. இதைக் கொஞ்சம் கசப்பாகவே சொல்லுகிறோம்.

மேஜையின் முன்னே உட்கார்ந்து ஒவ்வொரு மில்லியாம்பியரையும் சந்தேகிக்கிறாய். நன்று. எழுந்தவுடன் என்ன செய்கிறாய்? ஆயுத பூஜை நாளில் அதே மல்டிமீட்டருக்குச் சந்தனம் பூசிப் பொட்டு வைக்கிறாய். மல்டிமீட்டரின் பாட்டரி இறங்கினால் சந்தனம் ஏற்றுமா? தவறாகக் காட்டினால் பொட்டு திருத்துமா? புதிய கடை திறக்க நாள் பார்க்கிறாய். பெண் பார்க்கப் போகும்போது பெண்ணின் குணத்தைப் பார்க்காமல் ஜாதகத்தைப் பார்க்கிறாய்; ஜாதியைப் பார்க்கிறாய்; அதாவது சீட்டைப் பார்க்கிறாய்! டயோடில் சீட்டை நம்பாதவன் மனிதரில் சீட்டை நம்பலாமா? சாமானுக்கு ஒரு புத்தி, சம்பந்தத்துக்கு ஒரு புத்தி என்று இரண்டு புத்தி வைத்திருப்பவனைப் பகுத்தறிவுவாதி என்று நாம் எப்படி ஒப்புக்கொள்வது?

இந்த வியாதி சிறியவர்களிடம் மட்டும் இல்லை. 2023 ஜூலை மாதம் சந்திரயான்-3 கிளம்புவதற்கு முந்தின நாள், அதன் சிறு மாதிரியைத் திருப்பதி மலைக்குத் தூக்கிக்கொண்டுபோய் ஒரு விஞ்ஞானிகள் கூட்டம் கும்பிட்டுவிட்டு வந்ததைப் பத்திரிகையில் படித்தோம். சந்திரயான்-2 இறங்கு கலம் 2019 செப்டம்பரில் நிலவில் மோதி நொறுங்கிய பிறகு, அடுத்ததைச் சரியாக இறக்கியது எது? எங்கே தவறினோம் என்று எண்களைப் புரட்டினார்கள். இறங்கும் இடத்தைப் பெரிதாக்கினார்கள்; கால்களைப் பலப்படுத்தினார்கள்; எரிபொருளைக் கூட்டினார்கள்; கணினி விதிகளைத் திருத்தினார்கள்; திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். இறங்கும் வேகத்தைப் பார்க்க லேசர் கருவி வைத்தார்கள். 2023 ஆகஸ்டு 23ந் தேதி இறங்கியது. பிறகு நிலவின் மண்ணில் கந்தகம் இருப்பதைக் காட்டியதும் அதனுடன் போன லேசர் கருவிதான். அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் நம் பக்கத்து விழுப்புரத்துக்காரர். ரயில்வேயில் டெக்னீஷியனாக இருந்தவரின் மகன். ஒரு தொழிலாளியின் மகன் நிலவுக்குக் கலம் அனுப்பிய பெருமையை, உழைப்புக்கும் சோதனைக்கும் கொடுப்பதா, மலைமேல் இருக்கும் கல்லுக்குக் கொடுப்பதா? கல்லுக்குத்தான் என்றால் 2019இல் அந்தக் கல் எங்கே போயிருந்தது?

விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று 1976இல் அரசியல் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். சட்டத்தில் சேர்ந்தது புத்தியில் சேரவில்லை. அதுவும் ஒட்டின சீட்டாகவே நிற்கிறது.

ஆகவே நாம் வேண்டிக்கொள்வது இது. வில்லியனூர், பாகூர், அரியாங்குப்பம், உழவர்கரை முதலிய இடங்களில் உள்ள நம் தோழர்கள் தங்கள் படிப்பகங்களில் ஒரு மேஜையை இதற்கு ஒதுக்கட்டும். ஒரு மல்டிமீட்டர், ஒரு சால்டரிங் அயன், நல்ல தடுப்புக் கண்ணாடி, ஒரு கணக்குப் புத்தகம் இருந்தால் போதும். ரைட்டர் டயோடில் தொடங்க வேண்டாம், சாதாரண எல்.இ.டி.யிலும் சோலார் தகட்டிலும் தொடங்கி, விஷயம் தெரிந்த பெரியவர் ஒருவர் கூட இருக்கும்போதே அடுத்த படிக்குப் போகட்டும். பெண்பிள்ளைகளை முதல் வரிசையில் உட்கார வையுங்கள். காயலான் கடையில் சாமான் பிரிக்கிற தொழிலாளியை வாசலில் நிறுத்தாமல் உள்ளே அழைத்து நாற்காலி போடுங்கள். எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்த அளவு பட்டதாரிக்குத் தெரியாது. எடுத்தது போக மிஞ்சின மின்னணுக் குப்பையைத் தெருவில் எரிக்காமல், 2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்றவரிடம் சேர்ப்பியுங்கள்.

அந்தக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி வேண்டாம். தேதியும், அறையின் சூடும், சோதித்தவர் பெயரும் இருக்கட்டும். கெட்டுப்போன டயோடையும் மறைக்காமல் குறியுங்கள். ஏன் கெட்டது என்று அடுத்தவனுக்குத் தெரிவதுதான் அந்தப் புத்தகத்தின் மதிப்பு. எந்த மதப் புத்தகத்திலாவது தன் தோல்வியை எழுதி வைத்த பக்கம் ஒன்று உண்டா?

1930இல் “புதுவை முரசு” கிளம்பிய ஊர் இது; பாரதிதாசன் பிறந்த ஊர் இது. பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே வைதீகத்தை நேருக்கு நேர் கேள்வி கேட்ட ஊர், இன்று காயலான் கடையில் கிடக்கும் ஓர் ஒளித்துண்டைச் சோதிக்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. சோதியுங்கள். சோதித்துப் பழகின கை, பிறகு சாஸ்திரத்தையும் ஜாதியையும் தலைவர்களையும், நம் பத்திரிகையையுமேகூடச் சோதிக்கட்டும். சோதனையில் நிற்பது நிற்கட்டும்; மற்றது காயலான் கடைக்குப் போகட்டும்.